மஸ்டாங் கூபேயைத் திறந்த காராக மாற்றுவது: தரையிலிருந்து தொடங்கும் வேலை

1965, 1966 மாடல் போர்டு மஸ்டாங் கூபேயை, அதாவது நிலையான இரும்புக் கூரையுள்ள இரண்டு கதவுக் காரை, கூரை மடியும் கன்வர்டிபிளாக மாற்றும் வேலையை, அதைத் தாமே செய்ய நினைப்பவருக்கும் பட்டறையில் கொடுத்துச் செய்விக்க நினைப்பவருக்கும் உதவும்படி இங்கே விளக்குகிறேன். இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததற்கு வலுவான காரணம் இருக்கிறது. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமானபோதே கூபே, கன்வர்டிபிள் ஆகிய இரண்டு உருவங்களிலும் வந்தது. ஆகவே கூரையை எடுத்தால் வண்டியில் எதையெல்லாம் கூட்ட வேண்டும் என்ற கேள்விக்குத் தொழிற்சாலையே விடை எழுதி வைத்திருக்கிறது. நாம் அதைப் பார்த்து எழுதினால் போதும். அதற்கு வேண்டிய தகடுகளும் இன்றுவரை புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. 1965 மாடலில் மட்டும் 5,01,965 கூபேக்கள் செய்யப்பட்டன, கன்வர்டிபிள்களோ 1,01,945 மட்டுமே என்பதால், மாற்றுவதற்குக் கூபே கிடைப்பதும் அரிதல்ல.

கூரையை வெட்டி எடுப்பது ஒரு பிற்பகலில் முடியும் வேலை. அதற்கு முன்பும் பின்பும் ஆகும் மாதங்கள் பெரும்பாலும் தரைக்கும் கதவுகளுக்கும் உரியவை. இந்த வரிசையை மாற்றி, முதலில் கூரையை வெட்டிவிட்டுப் பிறகு பலப்படுத்திக்கொள்ளலாம் என்று தொடங்கிய வண்டிகள் நடுவில் தொய்ந்து, கதவு மூடாமல், கடைசியில் உதிரிப்பாகத்துக்காக விற்கப்படுவதையே பெரும்பாலும் பார்க்கிறோம்.

கூரை என்ன வேலை செய்துவந்தது

மஸ்டாங்குக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. முன்னால் இரண்டு நீளச் சட்டங்கள் என்ஜினைத் தாங்குகின்றன. பின்னால் இரண்டு சட்டங்கள் பின் ஸ்பிரிங்குகளைத் தாங்குகின்றன. இவ்விரண்டு இணைகளும் நடுவில் நேராகச் சந்திப்பதில்லை. தரைத் தகடும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ராக்கர் என்னும் பெட்டித் தகடுகளும், மேலே கூரையும் சேர்ந்துதான் வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் இணைக்கின்றன. வண்டியைப் பக்கவாட்டில் பார்த்தால் அது ஆழமான ஓர் உத்தரம் போன்றது. கூரை அதன் மேல் விளிம்பு, தரை அதன் கீழ் விளிம்பு. ஓர் உத்தரத்தின் உறுதி அதன் ஆழத்தைப் பொறுத்தது. மேல் விளிம்பை எடுத்துவிட்டால் ஒரு மீட்டருக்கு மேல் ஆழமிருந்த உத்தரம், ஒரு சாண் உயர ராக்கராகச் சுருங்கிவிடுகிறது.

முறுக்கு விசைக்கும் இது பொருந்தும். தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் கையில் எடுத்து இரு முனைகளையும் எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள், எளிதாக வளைந்துகொடுக்கும். அதையே மேலுறைக்குள் தள்ளி முறுக்கினால் விறைத்து நிற்கும். கூபே மேலுறையோடு இருக்கும் பெட்டி; கூரை போன மறுகணம் அது வெறும் உள்தட்டு. எனவே இழந்த உறுதியைத் தரையிலும் ராக்கரிலும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தொழிற்சாலையும் அதைத்தான் செய்தது. கன்வர்டிபிளின் எடை கூபேயைவிட ஏறத்தாழ 80 கிலோ அதிகம். இரும்புக் கூரையை எடுத்த பிறகும் எடை கூடியிருக்கிறது என்றால், கீழே எவ்வளவு இரும்பு சேர்க்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கூபேயை வெட்டித் திறப்பது ஏதோ கள்ளத்தனமான வேலை என்ற எண்ணம் சிலரிடம் இருக்கிறது. அது சரியன்று. 1976 கேடிலாக் எல்டொராடோவோடு அமெரிக்கக் கன்வர்டிபிளின் காலம் முடிந்துவிட்டதாகவே பலரும் கருதினர். 1982இல் கிரைஸ்லர் லெபேரனும் பியூக் ரிவியராவும் அதை மீட்டு வந்தபோது, அவை கூபேயாகச் செய்யப்பட்டு, வெளி நிறுவனங்களில் கூரை அகற்றிப் பலப்படுத்தப்பட்ட வண்டிகளாகவே இருந்தன. முறையாகச் செய்தால் இது மரியாதையான தொழில்.

வண்டியும் காகிதமும்

துருப்பிடிக்காத கூபேயைத் தேடாதீர்கள்; தரை மட்டும் கெட்டு, மேற்பகுதி நேராக இருக்கும் கூபேயைத் தேடுங்கள். எப்படியும் தரையையும் ராக்கரையும் மாற்றப்போகிறோம், ஆகவே அங்குள்ள துரு நமக்கு இழப்பல்ல. ஆனால் முன் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் கௌல் பகுதி அரித்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது. திறந்த காரில் முன் கண்ணாடிச் சட்டம் முழுவதும் அந்தப் பகுதியை நம்பித்தான் நிற்கிறது. ஒரு குடம் தண்ணீரை அந்தத் துளைகளில் ஊற்றி, உள்ளே கால் வைக்கும் இடத்தில் ஒழுகுகிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கூடவே மோதிக் கெட்ட அல்லது தரை மக்கிய கன்வர்டிபிள் ஒன்றும் வேண்டும். முன் கண்ணாடிச் சட்டம், பின் இருக்கையைச் சுற்றியுள்ள உள்தகடுகள், மடிக்கும் கூரையின் எலும்புக்கூடு, பின்பக்கச் சிறு கண்ணாடிகளும் அவற்றின் இயக்கக் கருவிகளும் இந்த நன்கொடை வண்டியிலிருந்து கிடைக்கும். இவற்றைத் தனித்தனியாகச் சேகரிக்கப் போனால் செலவு இரட்டிப்பாகும். உண்மையைச் சொன்னால், நல்ல நிலையில் ஒரு கன்வர்டிபிளையே வாங்குவது பெரும்பாலும் மலிவானது. குடும்பத்தில் வந்த வண்டி, தன் கையால் ஒன்றைச் செய்து பார்க்கும் ஆசை போன்ற காரணம் இருப்பவர்களுக்கே இந்த வேலை பொருந்தும்.

வண்டி எண்ணில் இரண்டு இலக்கங்களை நினைவில் வையுங்கள். இந்த இரண்டு ஆண்டு மாடல் மஸ்டாங்குகளில் 07 என்றால் கூபே, 08 என்றால் கன்வர்டிபிள். கதவிலுள்ள தகட்டில் சாதாரணக் கூபேக்கு 65ஏ என்றும் கன்வர்டிபிளுக்கு 76ஏ என்றும் இருக்கும். மாற்றிய பிறகும் உங்கள் வண்டி 07ஆகவே இருக்க வேண்டும். நன்கொடை வண்டியின் எண்ணை வெட்டி இதில் ஒட்டுவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். விற்கும் நாளில் இது மாற்றப்பட்ட வண்டி என்று எழுதிக் கொடுத்து விற்பதே நேர்மை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். இந்தியாவில் இதைச் செய்ய நினைப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவைப் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியிருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்காமல் இங்கே கூரையில் கை வைப்பது பதிவுச் சான்றிதழையே பறிகொடுப்பதில் முடியலாம்.

வெட்டுவதற்கு முன் அளப்பது

பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் டாங்கியையும் வண்டியிலிருந்து இறக்கி, வேலை நடக்கும் இடத்துக்கு வெகு தொலைவில் வையுங்கள். இந்த மஸ்டாங்கில் டாங்கியின் மேற்பரப்பே டிக்கியின் தரையாக இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டிக்கியில் விழும் ஒரு பற்றவைப்புப் பொறி நேரே டாங்கியின் மீதுதான் விழும். இருக்கைகள், உள்துணி, கண்ணாடிகள் ஆகியவற்றையும், முடிந்தால் என்ஜினையும் கியர்பெட்டியையும் எடுத்துவிடுங்கள். மூக்கில் பாரம் இல்லாதபோது உடலை நேராக நிறுத்துவது எளிது. தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சமதளமான சிமெண்டுத் தரையில், முன் சட்டங்கள் தரையோடு சேரும் இடத்திலும் பின் ஸ்பிரிங்கின் முன் கண்ணுக்கு (அது வண்டியோடு இணையும் முன்முனை வளையத்துக்கு) சற்று முன்னாலும் நான்கு உறுதியான ஸ்டாண்டுகள் வைத்து வண்டியை நிறுத்துங்கள். இரு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தேவையான இடத்தில் மெல்லிய தகடு செருகிச் சமப்படுத்த வேண்டும். இப்போது கதவுகள் இரண்டும் பூட்டியிருக்கும் நிலையில், கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பத்து இடங்களில் அளந்து எழுதுங்கள். கதவுத் திறப்பின் இரு மூலைவிட்டங்கள், இடது கதவுத் தூணிலிருந்து வலது தூணுக்கு உள்ள குறுக்களவு, கௌலிலிருந்து பின் இருக்கைத் தகட்டுக்கு உள்ள நீளம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அளந்த இடங்களில் நடுப்புள்ளி அடித்து வைத்தால் மூன்று மாதம் கழித்தும் அதே இடத்திலிருந்து அளக்க முடியும். இந்தத் தாளைப் பட்டறைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பிறகு தற்காலிகத் தாங்கல். 38 மில்லிமீட்டர் சதுரக் குழாயை ஒவ்வொரு கதவுத் திறப்பிலும் முன் கீல்தூணிலிருந்து பின் பூட்டுத்தூணுக்கு மேலும் கீழுமாக இரண்டு, அவற்றுக்குக் குறுக்கே ஒன்று என்று பற்றவைத்து, இரு பக்கத்தையும் வண்டிக்குள் குறுக்காக இணைத்துவிடுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழாய்கள் கதவுக்குச் சற்று உட்புறமாகத் தள்ளி அமைய வேண்டும். தாங்கல் இருக்கும்போதே கதவை மாட்டி மூடிப் பார்க்க முடிய வேண்டும். கதவைக் கழற்றி வைத்துவிட்டு அளவுநாடாவை மட்டும் நம்பிப் பற்றவைத்தவர்கள், கடைசியில் கதவை மாட்டும்போதுதான் பிழையைக் காண்கிறார்கள்.

தரை

ஒரே நேரத்தில் இரு பக்க ராக்கர்களையும் வெட்டி எடுக்கக் கூடாது. ஒரு பக்கத்தை முழுவதும் முடித்து, அளவுகளைச் சரிபார்த்த பிறகே மறுபக்கத்தில் கை வைக்க வேண்டும். கூபேயின் உள் ராக்கருக்குப் பதில் கன்வர்டிபிளுக்கான தடித்த உள் ராக்கரைப் பொருத்துங்கள். பழைய புள்ளிப் பற்றவைப்புகளை 8 மில்லிமீட்டர் துளைப்பானால் ஒவ்வொன்றாகத் துளைத்துப் பிரிப்பது பொறுமையைச் சோதிக்கும், ஆயினும் கிரைண்டரால் அறுத்தெறிவதைவிட அதுவே சிறந்தது. தங்கும் தகட்டின் விளிம்பு சேதமில்லாமல் கிடைக்கும்.

அடுத்தவை டார்க் பாக்ஸ்கள். முன் சட்டத்தின் முடிவையும் ராக்கரின் தொடக்கத்தையும் இணைக்கும் இந்தப் பெட்டிகள் கன்வர்டிபிளில் இரு பக்கமும் உண்டு. முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது சட்டத்தில் ஏறும் முறுக்கை ராக்கருக்குக் கொண்டு சேர்ப்பது இவைதாம். என் கருத்தில் முழு வேலையிலும் மிக முக்கியமான தகடுகள் இவையே. மூன்று பக்கமும் இடைவெளியின்றி உட்காரும்வரை பிடிப்பான்களால் இறுக்கி, தேவையான இடத்தில் தட்டிப் பொருத்தி, அதன் பிறகே பற்றவைக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியைப் பற்றவைப்புக் கம்பியால் நிரப்பி மூடுவது கண்ணுக்கு அழகாக இருக்கலாம், விசையைக் கடத்தாது.

பிறகு கன்வர்டிபிளுக்கான இருக்கைத் தாங்கித் தகடும், முன் இருக்கைகளுக்குக் கீழே வெளிப்புறத்திலிருந்து பொருந்தும் தரைப் பலத்தகடும். இவை இரண்டும் தரைத் தகட்டை நடுவில் வைத்து மூடும்போது, ஒரு ராக்கரிலிருந்து மறு ராக்கர்வரை வண்டியின் குறுக்கே ஒரு மூடிய பெட்டி உருவாகிறது. தீப்பெட்டியின் மேலுறையை நாம் இங்கேதான் சிறிய அளவில் திரும்பக் கட்டுகிறோம். என்ஜின் அறையில் முன் ஸ்பிரிங்குகளைத் தாங்கும் இரு கோபுரங்களையும் கௌலோடு ஒரே துண்டாக இணைக்கும் எக்ஸ்போர்ட் பிரேஸ் என்ற தாங்கியையும் போட்டுவிடுங்கள். போல்ட் முடுக்கும் வேலைதான், பலனோ பெரிது.

பற்றவைக்கும் முறை பற்றி ஒரு சொல். மேல் தகட்டில் 8 மில்லிமீட்டர் துளைகளை 30 முதல் 40 மில்லிமீட்டர் இடைவெளியில் போட்டு, அத்துளைகளை நிரப்பிக் கீழ்த்தகட்டோடு சேர்ப்பதே தொழிற்சாலைப் புள்ளிகளுக்கு நெருக்கமானது. ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை தொடர்ந்து போகாதீர்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் ஒன்று என்று மாறி மாறிப் போட்டு, தகடு கை வைக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். பத்துப் புள்ளிக்கு ஒருமுறை கதவை மூடிப் பாருங்கள். நான் வேலை செய்த வண்டியில் இடது ராக்கரை ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். மறுநாள் காலையில் கதவின் பின் மேல் மூலையில் இடைவெளி 5 மில்லிமீட்டரிலிருந்து 3ஆகக் குறைந்திருந்தது. சூடான தகடு ஆறும்போது சுருங்கி ராக்கரை நடுவில் இழுத்துக்கொண்டது. பாதிப் புள்ளிகளைத் துளைத்து எடுத்து, நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கி, மறுபடி பற்றவைக்க இரண்டு நாள் ஆயிற்று.

ராக்கரின் அடியில் உள்ள நீர்வடி துளைகளை அடைத்துவிடாதீர்கள். மூடுவதற்கு முன் உள்பக்கத்துக்குத் துத்தநாக முதல்பூச்சும், எல்லாம் முடிந்தபின் துளை வழியே மெழுகுத் தெளிப்பும் அவசியம்.

கூரை இறங்கும் நாள்

தரை முடிந்து, இரு கதவுகளும் தாளில் எழுதிய அளவிலேயே மூடுகின்றன என்றால் கூரையில் கை வைக்கலாம். இந்தக் கூபேயில் கதவுக் கண்ணாடிக்கும் பின்பக்கச் சிறு கண்ணாடிக்கும் நடுவே கூரைவரை எழும் தூண் இல்லை, கதவுக் கண்ணாடிக்குச் சட்டமும் இல்லை என்பது நமக்குப் பெரிய உதவி. கூரை நிற்பது முன்னால் இரண்டு தூண்களிலும் பின்னால் இரண்டு அகன்ற தகடுகளிலும் மட்டுமே.

பின் தகட்டில் கூரையும் பக்க உடலும் சேரும் மூட்டை ஈயம் நிரப்பி மழுப்பியிருப்பார்கள். அதைக் கிரைண்டரால் தேய்க்கவே கூடாது. ஈயத்தூசி மூச்சில் ஏறினால் உடலைவிட்டு எளிதில் போகாது. சிறு சுவாலையால் இளக்கி, மரக்கட்டையால் வழித்துத் தட்டில் சேர்க்க வேண்டும். முகமூடி கட்டாயம், பட்டறைக் கதவுகள் திறந்திருக்க வேண்டும். ஈயம் வழிந்த பிறகு அடியில் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் கோடும், வரிசையாகப் புள்ளிப் பற்றவைப்புகளும் தெளிவாகத் தெரியும். அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிலாளி வழித்துவிட்ட கையின் தடம்கூடச் சில இடங்களில் இருக்கும்.

முதல் வெட்டு, தேவையான கோட்டுக்கு 8 சென்டிமீட்டர் மேலேயே இருக்கட்டும். எஞ்சிய பகுதியைப் பின்னர் நன்கொடை வண்டியின் தகட்டை வைத்துப் பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம். குறைத்ததை நீட்ட முடியாது. பின் தகடுகளை முதலிலும் முன் தூண்களைக் கடைசியிலும் அறுக்க வேண்டும். இருவர் கூரையைத் தாங்கிப் பிடித்திருக்க, மூன்றாமவர் அறுக்கட்டும். கூரை இறங்கியவுடன் வேறெதுவும் செய்யாமல் சுவரில் ஒட்டிய தாளை எடுத்து எல்லா அளவுகளையும் மறுபடி எடுங்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் எதுவும் மாறியிருக்கக் கூடாது.

முன் கண்ணாடிச் சட்டத்தை நன்கொடை வண்டியிலிருந்து முழுவதாக எடுத்து வைப்பதையே பரிந்துரைக்கிறேன். கூபேயின் தூணை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஒரு தகட்டை மூடிவிடும் குறுக்குவழி உண்டு. கூரையின் கொக்கிகள் மாட்டும் இடம் அதில் சரியாக அமையாது, சட்டத்தின் பலமும் போதாது. தூணின் மூட்டு முடிந்தவரை கீழே, கௌலுக்கு அருகில் வரட்டும். உள்ளே 15 சென்டிமீட்டர் நீள உள்ளுறை ஒன்றைச் செருகி, உள்தகட்டின் மூட்டும் வெளித்தகட்டின் மூட்டும் ஒரே கோட்டில் வராமல் தள்ளி அமைத்துப் பற்றவையுங்கள். கண்ணாடியைச் சட்டத்தில் வைத்துப் பார்க்காமல் இறுதிப் பற்றவைப்புப் போடக் கூடாது. டிக்கி மூடி இரண்டு வண்டிகளுக்கும் ஒன்றுதான். அதற்கும் பின் இருக்கைக்கும் இடையிலுள்ள மேல்தகடுதான் வேறு. மடிந்த கூரை இறங்கும் பள்ளத்துக்காகப் பின் இருக்கையும் குறுகலானதாக வேண்டும்.

துணிக்கூரை

மஸ்டாங்கில் மின்விசையால் இயங்கும் கூரை விருப்பத் தேர்வாக இருந்தது. கையால் மடிப்பதே அடிப்படை. மாற்றும் வண்டிக்குக் கைக்கூரையே மேல். பம்ப், குழாய், எண்ணெய்க் கசிவு எதுவும் இல்லை, எடையும் குறைவு. எலும்புக்கூட்டைத் துணியில்லாமல் மாட்டி, கதவுக் கண்ணாடிகளையும் பின் சிறு கண்ணாடிகளையும் முழுவதும் ஏற்றி, ரப்பர் பீடிங்குகளைப் பொருத்தி, கண்ணாடி விளிம்பு பீடிங்கில் ஒரே சீராகப் பதியும்வரை திருத்துங்கள். இதற்கு ஒரு வாரம் பிடித்தாலும் தகும். துணி போர்த்திய பின் இதைத் திருத்துவது மிகக் கடினம். துணி போர்த்துவதை அனுபவமுள்ள இருக்கைத் தையல்காரரிடம் விடுவது நல்லது. பக்க மெத்தைப் பட்டைகள், பின் திரைக் கண்ணாடி, மேல்துணி, முன் வளைவில் ஒட்டல் என்ற வரிசையை அவர் அறிந்திருக்க வேண்டும். துணியை நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் விரித்து வைத்த பின் இழுத்தால் சுருக்கம் விழாது.

ஓட்டிப் பார்ப்பது

தற்காலிகத் தாங்கல்களை எல்லாம் முடிந்த பிறகே, என்ஜினும் இருக்கைகளும் ஏறி, வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போது அறுத்து எடுங்கள். இடுப்போடு தோளையும் பிடிக்கும் இருக்கைப் பட்டிகளைப் பொருத்துங்கள். தோள் பட்டிக்கு மேலே தூண் இல்லாததால், தரைப் பெட்டியோடு பற்றவைத்த வளைவுக்கம்பி ஒன்றை இருக்கைகளுக்குப் பின்னால் அமைத்து, அதிலேயே பட்டியை மாட்டுவதை வலியுறுத்துவேன். கவிழ்ந்தால் தலையைக் காக்கக் கூரை இப்போது இல்லை.

முதல் சோதனை நின்ற இடத்திலேயே நடக்கும். முன் பென்டரிலிருந்து கதவுவரை ஒட்டுநாடா ஒட்டி, இடைவெளியின் மேல் அதைக் கத்தியால் கீறி, இரண்டையும் இணைத்துப் பென்சிலால் ஒரு நேர்க்கோடு இழுங்கள். இப்போது ஒரு முன் மூலையை மட்டும் ஜாக்கியால் தூக்குங்கள். கோட்டின் இரு துண்டுகளும் ஒன்றையொன்று விட்டு எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்து, தூக்கிய நிலையிலேயே கதவு திறந்து மூடினால் தரை தன் வேலையைச் செய்கிறது. கதவு இறுகிக்கொண்டால் டார்க் பாக்ஸின் பற்றவைப்புகளை முதலில் சோதியுங்கள்; குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பிறகு மேடுபள்ளமான சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். உள்நோக்குக் கண்ணாடி சிறிது அதிர்வது எல்லாத் திறந்த கார்களிலும் உண்டு. முன் கண்ணாடிச் சட்டமே ஆடுவது போலத் தோன்றினாலோ, கதவுப் பூட்டு கடகடவென்று ஓசையிட்டாலோ திரும்பி வந்து பென்சில் கோட்டைப் பாருங்கள். தண்ணீர்ச் சோதனைக்கு, கூரையை மூடிக் குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பத்து நிமிடம் காட்டி, உள்ளே ஒருவர் உட்கார்ந்து எந்தப் பீடிங்கில் கசிவு தொடங்குகிறது என்று சாக்பீஸால் குறிக்க வேண்டும். பூச்சு வேலைக்கு அனுப்புவதற்கு முன் 500 கிலோமீட்டர் ஓட்டி, வண்டியை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி, தாளிலுள்ள அளவுகளை இன்னொரு முறை எடுத்து, தூணின் மூட்டுகளிலும் டார்க் பாக்ஸ் மூலைகளிலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் வண்ணம் பூசலாம்.